விட்டுப்போன பதினைந்து நிமிடம்

நெய்தலூர் மாநகராட்சியின் அரண் ஆய்வகத்தில், சுவரை அடைத்துக்கொண்டு ஒரு செய்முறை அட்டை தொங்கியது. லேமினேட் செய்து தங்கநிறச் சட்டம் போட்ட அட்டை. மேலே மேயர் கஜவரதன் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கீழே இயக்குநர் டாக்டர் புண்ணியகோடி நுண்ணோக்கிக்குள் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் போக மிச்சமிருந்த இடத்தில் அறிவியல் இருந்தது. படிகளுக்கு எண் போட்டிருந்தார்கள். மூன்றுக்கு அடுத்தது ஐந்து. நான்கு எங்கே போனது என்று இரண்டு வருடமாக ஒரு ஜீவனும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் மூத்த டெக்னீஷியன் அஞ்சுகம் சொல்லியிருப்பாள். நான்கு தொலைந்த அன்று பிப்பெட்டைப் பிடித்திருந்த கை அவளுடையதுதான்.

அது திறப்பு விழா நாள். அமைச்சருக்கு அதற்குமேல் இரண்டு கல்யாணமும் ஒரு காதுகுத்தும் பாக்கி. குத்துவிளக்கின் ஐந்து முகத்தில் மூன்றை ஏற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். அஞ்சுகம் அப்போது நான்காவது படியில் இருந்தாள். ரத்த அணுக்களின் மேல் தடுப்புத் திரவத்தை ஊற்றிப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். புண்ணியகோடி அவள் காதருகே குனிந்து, "விடும்மா, அடுத்ததுக்குப் போ" என்றார். போனாள். திரையில் ஒரே ஒரு ரத்தம் மத்தாப்பு மாதிரி எரிந்தது. பந்தலுக்குப் பின்னால் சாக்கடை அடைப்பெடுத்துக்கொண்டிருந்தவரை, எண்ணிக்கைக்கு ஆள் குறைகிறதென்று கையைக் கழுவவைத்து இழுத்து வந்திருந்தார்கள். அவருடைய ரத்தம் அது. அமைச்சர் கைதட்டினார். அன்று நடந்ததே முறை என்று அட்டை அச்சாகிவிட்டது. அமைச்சர் முன்னால் நடந்த ஒன்றைத் திருத்துகிற துணிவு எந்த ஆய்வகத்துக்கு இருக்கிறது?

அந்த மத்தாப்பிலிருந்து ஒரு கோட்பாடே பிறந்தது. வெள்ளணுக்களின் மேல் பிறவியிலேயே ஓர் ஏற்பி உண்டு. கிருமியின் வாடை பட்டதும் மணியடித்து உடம்பை எழுப்புகிற காவல்காரன் அது. அந்தக் காவல்காரனை மட்டும் தேடிப் பிடித்து ஒளிரவேண்டும் என்பதற்காக எலியின் அணுவிலிருந்து உண்டாக்கிய ஆன்டிபாடிதான் கா-7. எவ்வளவு ஒளியோ அவ்வளவு காவல், நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடலாம் என்றார் புண்ணியகோடி. தூய்மைப் பணியாளர்களுக்கு மதிப்பெண் எக்கச்சக்கம். தலைமுறை தலைமுறையாகச் சாக்கடையில் இறங்கி இறங்கி அவர்கள் ரத்தத்திலேயே அரண் ஊறிவிட்டதாம். இதைக் கேட்டு ஊரில் பலருக்கு நெஞ்சு லேசானது. உறுத்திக்கொண்டிருந்த ஒன்று அறிவியலாகிவிட்டால் சாப்பாடு நன்றாக இறங்கும்.

கவசம் இல்லாமல் ஆளைக் குழிக்குள் இறக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. கவசம் உடம்புக்கு வெளியேதான் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று மாநகராட்சி மன்றத்தில் ஒருவர் கேட்டார். தீர்மானம் நிறைவேறியது. தொண்ணூறும் அதற்குமேலும் வாங்கியவருக்குப் 'பிறவி அரண்' அட்டை. அட்டை இருந்தால் உடுப்பு வேண்டாம், முகமூடி வேண்டாம். அட்டை இல்லாதவருக்கு உடுப்பு வாங்க வேண்டும் என்பதால் அவருக்கு வேலையே வேண்டாம். அடைப்பெடுக்க வாங்கிய இயந்திரம் மாநகராட்சி வாசலில் மாலையோடு நின்றது. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டு வைத்தார்கள்.

கா-7 வரும் ஒவ்வொரு குப்பியின் மேலும், 'ஆய்வுக்கு மட்டும். மனிதருக்குப் பரிசோதனை முடிவு சொல்லப் பயன்படுத்தக் கூடாது' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். மேயர் படம் போட்ட ஸ்டிக்கரை அதன்மேல் ஒட்டச் சொல்லி உத்தரவு. எழுத்து எவ்வளவு நீளமோ மேயரின் புன்னகையும் சரியாக அவ்வளவு நீளம்.

அஞ்சுகமும் ஒட்டினாள். நான்காவது படி இல்லாவிட்டால் ஒளி கொஞ்சம் கலங்கலாக வரும், அவ்வளவுதானே என்று முதல் மாதம் நினைத்துக்கொண்டாள். இரண்டாம் மாதம் அவளுக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அதற்கப்புறம் நினைக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, ஆறுமாதப் பரிசோதனைக்கு தேசிங்கு வந்தான். கிழக்கு மண்டலத்தில் பாதாளச் சாக்கடைக் குழியிறங்குபவன். முப்பத்தைந்து வயது. வாய் மட்டும் இன்னும் பள்ளிக்கூடத்தை விட்டு வரவில்லை.

"இன்னாக்கா, மார்க் வந்துச்சா?"

அஞ்சுகம் திரையை இன்னொரு தடவை பார்த்தாள். "தொண்ணூத்தேழு."

"கணக்குல பதினேழு வாங்குன ஆளுக்கா நானு. எங்கம்மா இருந்திருந்தா தெருவுக்கே கேசரி கிண்டியிருக்கும்." சிரித்துவிட்டுத் தோளைக் குறுக்கிக்கொண்டான். "ஏசியைக் கொஞ்சம் கொறைக்கா. குளுருது."

ஏசி ரிப்பேராகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அஞ்சுகம் அவன் மணிக்கட்டைத் தொட்டாள். தோசைக்கல் மாதிரி சுட்டது.

"எத்தனை நாளா காய்ச்சல்?"

"நாலு நாளா. குழிக்குள்ள கம்பி ஒண்ணு கால்ல கிழிச்சிடுச்சு. சூப்ரவைசருகிட்ட லீவு கேட்டேன். அரண் அட்டை வச்சிருக்கறவனுக்கு ஏதுடா காய்ச்சல்னுட்டாரு."

செருப்பைக் கழற்றிக் காட்டினான். கட்டியிருந்த துணியை மீறி வீக்கம் கணுக்கால் வரைக்கும் ஏறியிருந்தது. துணியின் ஓரம் பச்சையாக இருந்தது.

"இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க தேசிங்கு. நான் சீட்டு எழுதித் தர்றேன்."

"உன் சீட்டு செல்லாதுக்கா. மாநகராட்சி டாக்டர் குடுக்கணுமாம். நேத்தே போனேன். அட்டையப் பாத்தாரு, கால பாக்கல. உனக்கு ஒண்ணும் வராதுபோன்னாரு." அவன் துணியை மறுபடி சுற்றினான். "சொல்லாம லீவு போட்டா அட்டையப் புடுங்கிடுவாங்க. அட்டை போனா வேலை போச்சு. அதுவும் இந்த வாரமா? வியாழக்கிழமை விழாவாச்சே. வெளிநாட்டுலேந்து ஆளுங்க வராங்களாம், அவங்க முன்னாடி நான் வெறும் ஒடம்போட எறங்கணுமாம். மாலை மரியாதை எல்லாம் உண்டு. மாலைய எறங்கறதுக்கு முன்னாடி போடுவீங்களா, மேல தூக்குனதுக்கு அப்புறம் போடுவீங்களான்னு கேட்டேன். சூப்ரவைசருக்குச் சிரிப்பே வரலக்கா."

வாசல் வரைக்கும் போனவன் திரும்பினான். "ஆமா, ஒரு டவுட்டு. கிருமிக்கு அரண் சரி. உள்ள வெசவாயு இருந்தா, அட்டையக் காட்டுனா வழி விடுமா?"

அவன் நொண்டிக்கொண்டே போவதை அவள் வரவேற்பறை வரை வந்து பார்த்தாள். அங்கே சுவரில் மூன்று படங்கள். 'நமது அரண் நாயகர்கள்' என்று மேலே எழுதியிருந்தது. இதுவரை தொண்ணூற்றைந்தைத் தாண்டியவர்கள் மூன்றே பேர். மதிப்பெண் வந்த வாரமே எடுத்த படங்கள். மூன்றுக்கும் இப்போது சந்தன மாலை போட்டிருந்தது. ஒருவர் காய்ச்சல், ஒருவர் மாரடைப்பு, ஒருவர் 'திடீரென்று'. மதிப்பெண் தேதிக்கும் மாலை போட்ட தேதிக்கும் நடுவே எத்தனை நாள் என்று அஞ்சுகம் முதல்முறையாக எண்ணிப் பார்த்தாள். ஒன்பது. பதினொன்று. ஆறு.

உள்ளே வந்தாள். உறைபெட்டியில், இயக்குநரின் குல்பி டப்பாவுக்குப் பின்னால், இரண்டு வருடமாக முத்திரை உடைக்காத தடுப்புத் திரவம் இருந்தது. இளக்கினாள். தேசிங்குவின் ரத்தத்தில் மிச்சமிருந்ததை எடுத்தாள். ஊற்றினாள். பதினைந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு கா-7.

தொண்ணூற்றேழு இருந்த இடத்தில் பதினொன்று வந்தது. தன் விரலைக் குத்திக்கொண்டு அதே மாதிரி செய்தாள். அதுவும் பதினொன்று. காலையில் வந்திருந்த மற்ற மாதிரிகளிலும் பத்துக்கும் பதின்மூன்றுக்கும் நடுவேதான்.

இயக்குநர் அறையில் புண்ணியகோடி வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்தது. அறை முழுக்கக் கிராம்புத் தைலம் மணத்தது.

"சார், தேசிங்குவோட சாம்பிளை நாலாவது படியோட திருப்பிப் போட்டேன். பதினொண்ணுதான் வருது."

"எந்த நாலாவது படி?"

"இருந்துச்சு சார்."

அவர் அண்ணாந்து, தன் அறையிலும் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்தார். தன் படத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுக் கீழே வந்தார். "இல்லையேம்மா."

"உங்களுக்குத் தெரியாததில்ல சார். ஆன்டிபாடிக்கு ரெண்டு கை, ஒரு வால். கைதான் ஏற்பியைப் பிடிக்கணும். ஆனா வாலைப் பிடிச்சு இழுக்கற கொக்கிங்களும் வெள்ளணு மேல இருக்கு. முதல்ல தடுப்பு ஊத்தி அந்தக் கொக்கியையெல்லாம் அடைச்சிட்டுத்தான் கா-7ஐ விடணும். நாம அடைக்கவே இல்ல. அது வாலால தொங்கிட்டிருக்கு. ரெண்டு வருஷமா நாம காவல்காரனை எண்ணல சார். கொக்கியை எண்ணிட்டிருக்கோம்."

"சரி, கொக்கியை எண்ணினா என்ன? அதுவும் ஒரு எண்தானே."

"உடம்புல கிருமி பரவும்போதுதான் அந்தக் கொக்கி பெருகும். மாணவர்கள் படிக்கிற புத்தகத்துலயே இருக்கு. குழியில இறங்கறவங்களுக்கு ஆறாத புண்ணு எப்பவும் இருக்கும், அதுலயே தொண்ணூறு வந்துடும். தொண்ணூத்தேழுன்னா அவருக்கு அரண் இருக்குன்னு அர்த்தமில்ல. ரத்தத்துல விஷம் ஏறிட்டிருக்குன்னு அர்த்தம். வெளிய மாலை போட்டு வச்சிருக்கோமே மூணு பேரு, அவங்களுக்கும் அதேதான். நாம அவங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கணும். சான்றிதழ் குடுத்துக் குழிக்கு அனுப்பிட்டோம்."

புண்ணியகோடி கண்ணை மூடிக்கொண்டார். மனசாட்சியோ என்று அஞ்சுகம் நினைத்தாள். கடைவாயில் கிராம்பை இடம் மாற்றிக்கொண்டிருந்தார்.

"தடுப்பு ஊத்தினா மத்தவங்களுக்கு எவ்வளவு வருது?"

"பத்துலேருந்து பதிமூணு. எல்லாருக்கும்."

"எனக்கும்?"

"உங்களுக்கும், எனக்கும், தேசிங்குவுக்கும்."

"பார்த்தியா, அதான் கோளாறு. எல்லாருக்கும் ஒரே மாதிரி வந்தா அதுக்குப் பேரு டெஸ்டா? வித்தியாசம் காட்டறதுக்குத்தாம்மா டெஸ்ட்." தான் சொன்னது தனக்கே பிடித்துப்போய் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். "வியாழக்கிழமை முடியட்டும். அப்புறம் ஒரு குழு போடலாம். நானே தலைவரா இருந்து என்னை விசாரிக்கிறேன்."

"வியாழக்கிழமை அவரைக் குழியில இறக்கினா, வெள்ளிக்கிழமை விசாரிக்க அவர் இருக்க மாட்டாரு சார்."

"நீ டெக்னீஷியன். உனக்கு உணர்ச்சி ஜாஸ்தி." குரல் சட்டென்று அதிகாரி குரலாகியது. "இந்த ஊர்ல நாலாயிரம் அட்டை குடுத்திருக்கோம். மூணு நாட்டுல என்னைக் கூப்பிட்டுப் பேசவச்சிருக்காங்க. ஒரு பதினஞ்சு நிமிஷத்துக்காக இதையெல்லாம் கொளுத்தச் சொல்றியா?"

அஞ்சுகத்துக்கு இந்த ஆளின் நாற்காலியைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அவள் செய்ததெல்லாம், "பல் டாக்டரையாவது பாருங்க சார், சீழ் கட்டியிருக்கு" என்றதுதான்.

"அதுவும் வியாழனுக்கு அப்புறம்தான். கன்னம் கொஞ்சம் பூரிச்சிருந்தா போட்டோவுல தேஜஸா இருக்குன்னு மேயரே சொல்லிட்டாரு."

இரண்டு நாளும் அஞ்சுகம் தொலைபேசியை வைக்கவில்லை. சுகாதார அலுவலர் விழா அழைப்பிதழ் விநியோகத்தில் இருந்தார். சூப்ரவைசர், "தொண்ணூத்தேழு வாங்கினவனுக்கு ஆஸ்பத்திரியா? ஊர் சிரிக்கும்மா" என்றார். தேசிங்குவுக்கே ஐந்து தடவை பேசினாள். ஐந்தாவது தடவை அவன் குளறினான். குழியை 'வீடு' என்றான்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. கிழக்கு மண்டலத்தின் பெரிய குழியைச் சுற்றிப் பந்தல், சிவப்புக் கம்பளம், ஆள் உயரத் திரை. குழி மூடியைக்கூட வெள்ளையடித்திருந்தார்கள். மூடியைத் திறந்ததும் முன்வரிசையில் இருந்தவர்கள் அனைவரும் ஒரே சமயத்தில் கைக்குட்டையைத் தேடினார்கள். வெளிநாட்டு விருந்தினர் எட்டுப் பேர் முகமூடியோடு வந்திருந்தார்கள். மேடை ஓரத்தில் இரும்பு நாற்காலியில், கழுத்துவரை மாலையோடு தேசிங்கு சாய்ந்திருந்தான். கண் பாதி மூடியிருந்தது. பக்தி என்று நினைத்துக் கேமராக்காரர் அதை நெருங்கி எடுத்துக்கொண்டிருந்தார்.

எந்த விழாவிலும் புண்ணியகோடிக்கென்று ஒரு உருப்படி உண்டு. 'சாமானியனின் ரத்தம்' என்று பெயர். தொழிலாளியின் மதிப்பெண்ணைக் காட்டுவதற்கு முன்னால் தன் விரலைத் தானே குத்திக்கொள்வார். திரையில் பன்னிரண்டு என்று வரும். "நான் வெறும் விஞ்ஞானி, இதோ நம் மாவீரன்" என்று தழுதழுப்பார். தன்னடக்கத்துக்கு இதுவரை கைதட்டல் குறைந்ததில்லை.

அவர் விரலை நீட்டியபோதுதான் அஞ்சுகத்துக்கு உறைத்தது. கன்னம் இன்று கண்ணை மூடுகிற அளவுக்கு வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை அவள் சொன்னதையெல்லாம் கேட்டவர்தான். ஆனால் அறிவியல் என்பது பிறர் ரத்தத்தைப் பற்றியது என்பது அவருடைய நம்பிக்கை.

அவள் கைப்பையில் தடுப்புத் திரவம் இருந்தது. மைக்கை மறைத்துக்கொண்டு தணிந்த குரலில் கேட்டாள். "சார், நாலாவது படி போட்டுடட்டுமா? உங்க நல்லதுக்குத்தான் கேக்கறேன்."

"அட்டையில என்ன இருக்கோ அதைச் செய்."

அட்டையில் என்ன இருந்ததோ அதைச் செய்தாள். ஒரு சொட்டு கூட்டவில்லை, ஒரு சொட்டு குறைக்கவில்லை.

திரையில் மத்தாப்பு பூத்தது. 93.

பந்தல் ஒரு கணம் திகைத்து, பிறகு இடிந்து விழுகிற மாதிரி கைதட்டியது. மேயர் கஜவரதன் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிவந்து இயக்குநரைக் கட்டிப்பிடித்தார்.

"டாக்டரே, உங்களுக்கும் பிறவி அரணா? இவ்வளவு நாளா சொல்லவே இல்ல பாருங்க, இதான் அடக்கம்." மைக்கை வாங்கிக்கொண்டார். "அன்பான பெரியோர்களே, கண்டுபிடிச்சவரே முதல்ல இறங்கினா எவ்வளவு அழகா இருக்கும்? சரித்திரம்யா இது. சட்டையை மட்டும் கழட்டுங்க டாக்டர்."

கயிற்றோடு நின்ற இரண்டு தொழிலாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மிகுந்த மரியாதையோடு, "ரெடி சார், இடுப்புல கட்டிடலாமா?" என்றார். இருநூறு போன்கள் தலைக்கு மேல் எழுந்தன. ஒரு சால்வை இயக்குநரின் தோளில் விழுந்தது. குழியிலிருந்து குமிழி ஒன்று உடைகிற சத்தம் வந்தது.

"இல்ல... வந்து... எனக்கு..." புண்ணியகோடி பின்வாங்கினார். பின்னால் குழி என்று ஞாபகம் வந்து முன்னால் வந்தார். பிறகு, பன்னிரண்டு பட்டங்களும் மூன்று நாட்டுப் பயணங்களும் ஒரு வாக்கியத்தில் கரைய, மைக்கில் சொன்னார்:

"எனக்குப் பல்லுல சீழ் வச்சிருக்கு. உடம்புல சீழ் இருந்தா மதிப்பெண் ஏறும். அது அரண் இல்ல."

மேடை ஓரத்து இரும்பு நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்கு மைக் இல்லை.

"சீழ் இருந்தா ஏறுமா சார்? எனக்குக் கால்ல இருக்குது."

சொல்லிக்கொண்டே தேசிங்கு முன்பக்கமாகச் சரிந்தான். அஞ்சுகம் மேடையைத் தாண்டிப் போய்ப் பிடித்தாள். கயிற்றுக்காரர்கள் இருவரும் கயிற்றைக் குழியோரத்தில் போட்டுவிட்டு அவனைத் தூக்கினார்கள். மாலையை யாரோ கழற்றி எறிந்தார்கள். மேயரின் வண்டிதான் பக்கத்தில் நின்றது. அதில் ஏற்றினார்கள். மேயர் தடுக்கவில்லை. இருநூறு போன்கள் இன்னும் இறங்கியிருக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் பதினெட்டு நாள். இரண்டு கால்விரல்கள் போயின. ஆள் பிழைத்தான். இன்னும் அரை நாள் கழித்துக் கொண்டுவந்திருந்தால் படத்துக்கு நல்ல சட்டமாகப் பார்த்திருக்கலாம் என்று டாக்டரம்மா அஞ்சுகத்திடம் கடுகடுத்தாள். அஞ்சுகத்துக்கு அந்தக் கடுகடுப்பு வேண்டியிருந்தது.

குழு போட்டார்கள். தலைவர் டாக்டர் புண்ணியகோடி. பல்லைப் பிடுங்கிவிட்ட பிறகு அவருக்குப் பேச்சில் பழைய தெளிவு திரும்பியிருந்தது. மூன்று வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. 'விழாவில் நேர்ந்த தர்மசங்கடத்தைக் கருத்தில்கொண்டு, இனி அலுவலர்கள், மன்ற உறுப்பினர்கள், சிறப்பு விருந்தினர்கள் ஆகியோரின் மாதிரிகளுக்கு மட்டும் நான்காவது படி கட்டாயம். தூய்மைப் பணியாளர்களுக்கு நடைமுறையில் உள்ள முறையே தொடரும்.'

அஞ்சுகம் அதை இரண்டு முறை படித்தாள். அதிகாரியின் சீழை மறைக்கப் பதினைந்து நிமிடம் உண்டு. தேசிங்குவின் சீழுக்குப் பதக்கம். அவளுக்குக் கோபத்தில் அழுகை வந்தது. அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, அலுவலர்களின் கண்ணியத்தைக் காக்கத் தடுப்புத் திரவம் ஏராளமாகத் தேவைப்படுவதாகக் கடிதம் எழுதினாள். பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. அலுவலர்கள் விஷயத்தில் மாநகராட்சி எப்போதும் தாராளம்தான்.

அடுத்த சுற்றில் வந்த ஒவ்வொரு தொழிலாளியின் ரத்தத்தையும் இரண்டு குழாயில் பிரித்தாள். ஒன்றில் தடுப்பு ஊற்றிப் பதினைந்து நிமிடம் வைத்தாள். பதிவேட்டில் ஏறியது அந்த எண். இன்னொன்றில் அட்டையில் உள்ளபடி. அந்த எண் அவளுடைய கைக்குறிப்பில் மட்டும். அது போன தடவையைவிட எகிறினால், 'மாதிரி கெட்டுவிட்டது, பெரியாஸ்பத்திரியில் திரும்ப எடுக்கவும்' என்று எழுதி ஆளை அனுப்பினாள். ஆறு மாதத்தில் பதினான்கு பேர் போனார்கள். பதினான்கு பேரும் நடந்து திரும்பினார்கள். காவல்காரனைப் பிடிக்கத் தெரியாத கா-7, காய்ச்சலைப் பிடிப்பதில் கெட்டிக்காரன். சரியான வேலையை ஒளிந்துதான் செய்ய வேண்டியிருந்தது, தப்பான வேலைக்குத்தான் சுவரில் சட்டம் போட்டிருந்தது.

நெய்தலூரில் ஒரு தொழிலாளிகூடப் பதின்மூன்றைத் தாண்டவில்லை. மன்றம் கலங்கியது. தொண்ணூறுக்குக் கீழே யாரையும் உடுப்பில்லாமல் இறக்க முடியாது, அது அவர்களே போட்ட தீர்மானம். எல்லோரையும் வேலையை விட்டு அனுப்பினால் மூன்றாம் நாள் மேயர் வீட்டு வாசலே நாறும். வேறு வழியில்லாமல் உடுப்பு வந்தது, முகமூடி வந்தது, வாயு பார்க்கும் கருவி வந்தது. வாசலில் நின்ற இயந்திரத்தின் மாலையை அவிழ்த்தார்கள். பொட்டைத் துடைத்துப் பார்த்தால் அதற்கடியில் 'ஸ்டார்ட்' என்று ஒரு பொத்தான் இருந்தது.

புண்ணியகோடி மட்டும் துவளவில்லை. 'தொழிலாளர் ரத்தத்தில் அரண் கரைகிறது: சோப்பின் பங்கு' என்று ஒரு கட்டுரை எழுதி நான்காவது நாட்டுக்கு அழைப்பு வாங்கிவிட்டார்.

தேசிங்கு தடியூன்றிக்கொண்டு பரிசோதனைக்கு வந்தான். புது உடுப்பு ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. முகமூடி கழுத்தில் தொங்கியது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அவன் குளிர்கிறது என்று சொல்லவில்லை. அஞ்சுகம் அவனுடைய இரண்டாவது குழாயை முதலில் பார்த்தாள். பன்னிரண்டு. பிறகுதான் நிமிர்ந்தாள்.

"எவ்ளோக்கா?"

"பதினொண்ணு."

"தொண்ணூத்தேழு வாங்குனவன் பதினொண்ணா?" அவன் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான். "பாஸா, ஃபெயிலா?"

"ஃபெயில்."

"கேசரி கிண்டச் சொல்லட்டா?"

"சொல்லுங்க" என்றாள் அஞ்சுகம். "நெய் கொஞ்சம் தாராளமா விடச் சொல்லுங்க."